மூன்றாவது கடை

எனக்கு அருவருப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். ரத்தமும் சீழும், சொன்னால் சாப்பாடு இறங்காத வேறு பலவும் ஒட்டிய விரிப்புகளை உதறிப் பிரித்து இயந்திரத்துக்குள் தள்ளுவது என் வேலை. அதே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட உட்காருவேன், ஒன்றும் செய்யாது. ஆனால் என் அண்ணன் ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கி, வேறு இடத்திலும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும்போது எனக்கு வயிற்றைப் புரட்டும். முன்பெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இப்போது முடியவில்லை.

அண்ணன் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கொள்முதல் குமாஸ்தா. டப்பாவோ மூடியோ, தொழிலாளிகளுக்குக் கையுறையோ, எதுவானாலும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, அதில் குறைந்ததை எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கம்பெனிக்கு அது சரிதான். இவன் அதைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். செருப்பு வாங்க மூன்று கடை ஏறி இறங்குவான். முடி வெட்டுவதற்கும் விசாரிப்பு உண்டு. ஒரு தடவை கடைவாய்ப் பல் வலித்து, மூன்று பல் டாக்டர்களிடம் கட்டணம் கேட்டான். மூன்றாமவரிடம் போய்ச் சேர்வதற்குள் சொத்தை பக்கத்துப் பல்லையும் பிடித்துக்கொண்டது. அவர் இரண்டையும் பிடுங்கி அனுப்பினார். இரண்டுக்கும் சேர்த்துத் தள்ளுபடி கிடைத்தது என்று வீங்கிய வாயோடு எங்களிடம் பெருமை பேசினான். பெண் பார்த்த கதையும் இதுதான். முதல் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் இன்னும் இரண்டு இடம் பார்க்காமல் எப்படிப் பதில் சொல்வது என்று இழுத்தான். மூன்றாவது பெண் இவனை வேண்டாம் என்றுவிட்டாள். திரும்பி முதல் வீட்டுக்குப் போனபோது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. இன்றைக்கு ஐம்பதைத் தாண்டியும் தனிக்கட்டை. அதற்காக அவன் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. முறைப்படி நடந்துகொண்டோமே என்ற திருப்தி அவனுக்கு.

கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குடிப்பதில்லை, அடுத்தவன் காசில் ஒரு டீ வாங்கிக் குடிப்பதில்லை, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் வந்து நிற்பவன் அவன்தான். தங்கமான மனுஷன் என்று சொந்தபந்தம் எல்லாம் சொல்லும். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. என் பணத்தை அவன் திருடியிருந்தால் நாலு வார்த்தை திட்டி மன்னித்திருப்பேன். திருடவில்லை. ஒவ்வொரு காசுக்கும் கணக்குச் சொன்னான்.

என் மகனுக்குத் தசை தேயும் நோய். பிறவியிலேயே ரத்தத்தில் இருந்தது, பத்து வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அவன் அப்பா, டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியூரில் நல்ல வேலை தேடிப் போனவர். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். மகனுக்குக் கால்கள் முதலில் போயின. பள்ளிக்கூடம் முடிக்கும்போதே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். அடுத்து கைகள் போகும் என்று டாக்டர் சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் இருந்தான். இந்த வருஷமோ அடுத்த வருஷமோ, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் அவர். ஆட்டோவில் திரும்பி வரும்போது நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போதுதான் பேசினான்.

"கை இருக்கும்போதே ஒரு தடவை வண்டி ஓட்டிடணும்மா."

அவன் சொன்னது கம்ப்யூட்டரில் ஓட்டும் கார். அவனோடு படித்தவன் வீட்டில் ஒரு பந்தய விளையாட்டைப் பார்த்திருக்கிறான். மலைச்சாலை, மழை, ஈரத்தில் சறுக்கும் டயர் எல்லாம் நிஜம்போல இருக்குமாம். செல்போனில் அது வராது, எங்களிடம் இருந்த பழைய லேப்டாப் அதைத் திறக்கவே செய்யாது. அதற்கென்று வலுவான கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றியது. நான் வேலைக்குப் போய்வந்த ஸ்கூட்டரை விற்றேன், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையும் போட்டேன். அப்போதுதான் அண்ணன் குறுக்கே வந்தான். கடையில் தயாராக வாங்கினால் ஏமாற்றுவார்கள், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டினால் அதே பணத்துக்கு இரண்டு பங்கு நல்லதாக வரும் என்றான். இந்த விஷயத்தில் நான் சுத்த மண்ணு. பொருள் வாங்குவதில் அண்ணன் புலி என்று எல்லோரும் சொல்வார்கள். பணத்தை அவன் கையில் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் அவன் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான், அதை மறுக்க முடியாது. தினமும் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, மகனின் கட்டிலில் உட்கார்ந்து பாடம் எடுப்பான். பிராசஸர் மூளை. கிராபிக்ஸ் கார்டுதான் படத்தை வரைகிற கை. மொத்தப் பணத்தில் ஏறக்குறைய பாதி அந்தக் கார்டுக்கே போக வேண்டும், மூளையில் பணத்தைக் கொட்டிவிட்டுக் கையை மட்டமாக வாங்கினால் படம் திக்கித் திக்கி வரும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, மட்டமானது ஒரு நாள் வெடித்தால் மற்ற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும். இரண்டு பேரும் எந்த கார்டு எதைவிட மேல் என்று சண்டை போடுவார்கள். மகன் முகத்தில் அப்போது வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்து நானும் ஏமாந்து சந்தோஷப்பட்டேன்.

முதலில் வந்தது வெறும் பெட்டி. கேபினட் என்கிறார்கள். ஒரு பக்கம் கண்ணாடி. தள்ளுபடியில் கிடைத்தது என்று அதைத்தான் முதலில் வாங்கிவந்தான். உள்ளே வைக்க ஒன்றும் இல்லாமல் ஜன்னலோர மேஜையில் அது உட்கார்ந்துகொண்டது. ஒரு பல்லி குடிவந்தது. வாராவாரம் கண்ணாடியைக் கழற்றி, எச்சத்தைத் துடைத்து, திரும்ப மாட்டுவேன். என் மகன் அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான்.

அப்புறம் பவர் சப்ளை வந்தது. அதன்பின் ஏதோ ஒரு விற்பனையில் மலிவாகப் போட்டார்கள் என்று ரேம் என்கிற நினைவகப் பட்டையை வாங்கினான். மற்ற பாகங்கள் எல்லாம் உட்காருகிற மதர்போர்டை அதற்குப் பிறகுதான் தேர்ந்தெடுத்தான். அது புது ரகம், ரேம் பழைய ரகம், ஒன்றுக்கொன்று பொருந்தாது. விலையைப் பார்த்தவன் பொருத்தத்தைப் பார்க்கவில்லை. அதை மாற்றுவதற்குப் பல வாரம் நடந்தான். மாற்றியதில் கொஞ்சம் மிச்சம் என்று சிரித்துக்கொண்டே வந்தபோது, மகன் ஸ்பூனை முஷ்டியால் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தான். அண்ணன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மிச்சம் பிடித்ததை மறுபடி ஒரு தரம் சொன்னான்.

எல்லாம் வந்தும் கார்டு மட்டும் வரவில்லை. யாரோ எங்கேயோ கம்ப்யூட்டரில் காசு தயாரிக்கிறார்களாம், அதற்காகக் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்களாம், அதனால் விலை ஏறிக்கிடக்கிறது, பொறு என்றான். பொறுத்தோம். விலை இறங்கியது. இன்னும் இறங்கும், பொறு என்றான். பிறகு புது ரகம் வரப்போகிறது, வந்தால் பழையது விழும் என்றான். புதியது வந்தது. பழையதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள், மிச்சமிருந்ததன் விலை ஏறிவிட்டது. இதைச் சொல்லும்போதும் அவன் குரலில் குற்ற உணர்ச்சி ஒரு துளி இல்லை. மழை வருமா வராதா என்று பேசுகிற மாதிரி பேசினான். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. தயாராக இருப்பதை வாங்கிவிடலாம் என்று நானே ஒரு கடைக்குப் போய்க் கேட்டேன். கொடுத்த பணத்தில் பாதி, பெட்டியும் மற்றதுமாக வீட்டில் கிடக்கிறது. மீதியை வைத்து ஒன்றும் வராது என்று கைவிரித்துவிட்டார்கள்.

அதற்குள் மகனுக்கு இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கி நின்றுவிட்டன. படுத்துக்கொண்டு பார்க்கும்போது செல்போன் நழுவி முகத்தில் விழும். சட்டைப் பொத்தானை நான்தான் போடுவேன். மாமா வரும் நேரத்தில் அந்தக் கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்வான். ஏன்டா மறைக்கிறாய் என்று கேட்டதற்கு, அவசரத்தில் மாமா தப்பானதை வாங்கிவிடுவாராம், பாவமாம். இவனும் மாமாவைப் போலவே, அவசரம் கூடாது என்கிற ஆளாக ஆகிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு வெறுத்துப்போனது.

ஒரு நாள் அரைநாள் விடுப்பு எடுத்து, அண்ணனைக் கம்பெனி வாசலிலேயே பிடித்தேன். இன்றைக்குக் கார்டு இல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது என்றேன். பழைய பாகங்கள் விற்கிற தெருவுக்குப் போனோம். முதல் கடையில் விலை அதிகம். இரண்டாவது கடை ஒரு மாடியில். படிக்கட்டிலேயே புகையிலை நாற்றம். உள்ளே, மூடிப்போன பிரௌசிங் சென்டர்களிலிருந்து கழற்றிய கார்டுகளைத் தரையில் விறகு மாதிரி அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்து ஊதினார். கரப்பான் கால்கள் பறந்தன. விசிறியின் இடுக்கில் யாருடைய முடியோ சுற்றிக்கொண்டிருந்தது. சிகரெட் கறை படிந்து அதன் விளிம்பெல்லாம் பழுப்பாகப் பிசுபிசுத்தது. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அருவருப்பாக இல்லை, தங்கம் போலத்தான் இருந்தது. அவர் அதை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, கார் விளையாட்டைப் போட்டுக் காட்டினார். மலைச்சாலை, மழை, எல்லாம் வந்தது. விலையும் எங்கள் கையில் இருந்ததற்குள்.

எடு என்றேன். அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். இன்னும் ஒரு கடை பாக்கி இருக்கிறது, ரெண்டு விலையை வைத்துக்கொண்டு எப்படி முடிவு எடுப்பது என்றான். கடைக்காரர் சிரித்தார். எங்களுக்குப் பக்கத்தில் முதுகுப்பையோடு நின்ற ஒரு ஆளும் சிரித்தான். நான் அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"அவன் கைக்கு எந்தக் கடையில கொட்டேஷன் வாங்குவே, அண்ணா?"

அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "அவனுக்காகத்தானே இவ்வளவும் பார்க்கறேன். அவசரப்பட்டு மட்டமானதை அவன் தலையில கட்டச் சொல்றியா? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

பணம் அவன் பையில் இருந்தது. அவன் இறங்கி நடந்தான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன். மூன்றாவது கடை தெருவின் கடைசியில். கதவு இறக்கியிருந்தது. முதலாளி வீட்டில் கல்யாணமாம், மூன்று நாள் கழித்துத்தான் திறப்பார்களாம். அங்கேயே நின்று, திறக்கிற நாளைப் பக்கத்துக் கடையில் நிதானமாக விசாரித்துக்கொண்டிருந்தான் என் அண்ணன். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த இரண்டாவது கடையின் மாடிக்கு ஓடினேன். கார்டு இருந்த இடம் காலி. முதுகுப்பைக்காரன் வாங்கிப் போய்விட்டான். கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கந்தல் துணியால் மேஜையைத் துடைத்தார்.

அண்ணன் அழுதிருக்கலாம், தலையில் அடித்துக்கொண்டிருக்கலாம். படி இறங்கும்போது அவன் சொன்னது இதுதான்: "பார்த்தியா, வந்தவன் உடனே தூக்கிட்டுப் போறான்னா நல்ல விலைதான். நம்ம கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு."

தெருவில் இறங்கியதும் காறித் துப்பினேன். அவன் ஒதுங்கிக்கொண்டான். செருப்பில் பட்டுவிடக்கூடாது என்று.

அதற்குப் பிறகு எத்தனை மாதம் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அவன் வாங்கித்தான் விட்டான். புத்தம் புதுக் கார்டு, உறை பிரிக்காதது, உத்தரவாதத்தோடு, வேறு யாருக்கும் கிடைக்காத விலைக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தானே பூட்டினான். ஒரு திருகாணி மிச்சமில்லை, ஒரு ஒயர் தொங்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குள் நீல விளக்கு எரிந்தது. விசிறி சத்தமே இல்லை. நல்ல பொருள் என்று எனக்கே தெரிந்தது. இந்தப் பணத்துக்கு இதைவிட மேலாக எவனாலும் சேர்க்க முடியாது என்றான். அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

மகனின் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினேன். அப்போது அவன் சொல்படி கேட்டது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். நான் அவன் கையைத் தூக்கிக் கீபோர்டில் வைத்து, அந்த விரலை முன்னால் போகிற பொத்தானின் மேல் பொருத்தினேன். அழுத்தினான். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. முதல் வளைவு வந்தது. திருப்புவதற்கு விரல் இல்லை. வண்டி நேராகப் போய்ச் சுவரில் மோதி நொறுங்கியது. மறுபடி ஓட்டினான், மறுபடி அதே சுவர். மூன்றாம் தடவையும் மோதியபோது, என் அண்ணன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், உருகிப்போன குரலில் சொன்னான்:

"ஒரு எடத்துலகூடத் திக்கலை பாரு. கண்ணாடி உடையறதுகூட எவ்வளவு சுத்தமா வருது."

அந்த நிமிஷம் வந்த குமட்டல் எந்தச் சலவை மூட்டையைப் பிரித்தபோதும் எனக்கு வந்ததில்லை. நிஜமாகவே வாய்க்குள் புளித்தது. வெளியே போய்விடலாம் என்று திரும்பினேன். மகன்தான் பேசினான். கோபமாக இல்லை.

"மாமா, இடது வலது ரெண்டையும் நீங்க பாருங்க. வேகத்தை நான் பார்த்துக்கறேன்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு விரல்களை இரண்டு பொத்தான்களின் மேல் வைத்தான். வண்டி கிளம்பியது. வளைவு வந்தது. அண்ணனின் விரல்கள் இரண்டும் தூக்கியபடியே நின்றன. எதை அழுத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தான். சுவர். திரும்பவும் போட்டார்கள், திரும்பவும் விரல்கள் அந்தரத்தில் நின்றன. திரும்பவும் சுவர். அவன் நெற்றியில் வேர்த்துவிட்டது.

"யோசிக்காதீங்க மாமா. ரோடு ஒரு பக்கம்தானே திரும்புது."

அண்ணன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தன் விரல்களையே பார்த்தான். பத்து விரல்கள், ஒன்றில்கூடக் குறை இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்திரு என்றேன். எழுந்தான். நான் உட்கார்ந்தேன். எனக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. சாலை இடது பக்கம் வளைந்தது, இடது பக்கம் அழுத்தினேன். வண்டி திரும்பியது. மகனின் விரல் வேகத்தைக் கூட்டியது. அடுத்தது வலது, திருப்பினேன். பாலம் ஒன்று வந்தது, சுரங்கம் ஒன்று வந்தது. கிளம்பிய இடத்துக்கே ஒரு சுற்று வந்து சேர்ந்தோம். அவன் மூக்கு நுனியில் வேர்வை. வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் அந்த விரலும் நின்றுவிட்டது. கரப்பான் கால் பறந்த அந்தக் கார்டை அன்றைக்கே வாங்கியிருந்தால் என் பிள்ளை தன் கையாலேயே திருப்பியிருப்பான், தன் கையாலேயே நிறுத்தியிருப்பான். அதை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அண்ணன் நல்லவன்தானே என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறேன்.

இப்போது எல்லாப் பொத்தான்களும் என் கையில்தான். மகன் பார்த்துச் சொல்கிறான், நான் ஓட்டுகிறேன். மெதுவாப் போ, இப்ப பிரேக், வலது, இன்னும் வலது என்று விரட்டுகிறான். என்னை மாதிரி ஓட்டுநரை வைத்துக்கொண்டு ஒருவனும் ஜெயிக்க முடியாது என்று கிண்டல் வேறு. அண்ணன் வழக்கம்போல வருகிறான், பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பின்னால் நிற்கிறான். நேற்று பாதி ஓட்டத்தில் தொண்டையைச் செருமினான். திரை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பிள்ளைக்கு வசதியாக இருக்கும், வேண்டுமானால் நாலு இடத்தில் விசாரித்துப் பார்க்கட்டுமா என்றான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் அவன் முகத்துக்கு நேரே கொட்டிவிடுவது என்று திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் வண்டி மோதிய சத்தம் கேட்டது.

"அம்மா," என்றான் மகன். "மாமாவை எப்ப வேணும்னாலும் திட்டிக்கலாம். இப்ப ரோட்டைப் பாரு."